பன்னிரண்டு குப்பியும் ஒரு முட்டையும்

மார்கழி 4

பனி. கிணற்றடியில் விரல் மரத்துப் போயிற்று. ஒன்பது மணி பஸ்ஸில் பேத்தி செல்வி வந்து இறங்கினாள், சொல்லாமல் கொள்ளாமல். திருச்சிக் கல்லூரியில் ஸ்டிரைக். ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். மாற்றுத் துணி இரண்டு. ஒரு ஒயர் கூடை. கூடையில் உமி, உமிக்குள் பன்னிரண்டு ஊசி மருந்துக் குப்பி. கூடையை மடியில் வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டு வந்தாளாம். கைக்குழந்தை என்று நினைத்து ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாளாம். கண்டக்டர் யார் என்று கேட்டேன். முன்பல் விழுந்தவன் என்றாள். அவனேதான். மூன்று ஆடிக்கு முன் என்னை ஸ்டாப் தாண்டி இறக்கிவிட்டு விசில் அடித்தவன். பல் விழுந்தது தெரியாது. நல்லது.

குப்பிக்குள் உப்புத் தண்ணீர். ஆறு குப்பியில் கசகசா போல வெள்ளைத் தூள். ஆறில் மிளகு அளவு உருண்டை. பால் புளித்தால் வருமே, அந்தப் புளிப்பை எடுத்து, தண்ணீர் வற்றும் மட்டும் காய்ச்சி, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி ஆக்கியதாம். அதில் மருந்தைக் கலந்து, சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாய் விட்டால் பூந்தி மாதிரி உருண்டுகொள்ளும். அது தூள். அச்சில் அழுத்தியது உருண்டை. உடம்புக்குள் போனதும் தண்ணீர் ஊறிச் சங்கிலி அறும். அறுந்து அறுந்து மறுபடி புளிப்பாகிக் கரைந்துவிடும். கரையக் கரைய மருந்து மெல்ல வெளியே வரும். ஒரு ஊசி, ஒரு மாதத்துக்கு.

மோரில் மாத்திரை உருட்டவா இத்தனை வருடம் படித்தாய் என்றேன். சிரித்தாள். கண்ணில் தூக்கம் இல்லாத சிரிப்பு.

விஷயம் இது. குப்பி எல்லாம் மனுச உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். முப்பத்தேழு. இரவு பகல். தை 3 வரை. வாரம் இரண்டு குப்பி எடுத்து, எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பாள். கடைசி ஆறும் தை 3 அன்று. அதுதான் முக்கியம். கல்லூரியில் அதற்கு மின்சாரப் பெட்டி உண்டு, அது பூட்டுக்குள். கெட்டுப்போனால் ஒரு வருட வேலை போச்சு. இன்னொரு வருடம் அவள் அப்பன் விடமாட்டான். என் மகன்தான். எனக்குத் தெரியாதா.

மார்கழி 5

பனி. அண்டாவில் வெந்நீர், அதில் குப்பிகள், அதில் தெர்மாமீட்டர். செல்வி மணிக்கொரு தரம் ஊற்றுகிறாள், மொள்ளுகிறாள். விறகு அரைக்கட்டு காலி. மதியம் அசந்துவிட்டாள். நான் ஒரு செம்பு ஊற்றினேன், நல்ல எண்ணத்தில். நாற்பத்தைந்து காட்டிற்று. எழுந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். சூடு ஏறினால் இளகி ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டவில்லை, பிழைத்தது. இனி அண்டா பக்கம் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. என் வீட்டு அண்டா. என் கல்யாணச் சீர்.

குப்பியில் தண்ணீர் குறைந்தாலும் நம் கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாதாம். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு, அது புளிப்பை அடித்துவிடும், கணக்கு மாறிவிடும் என்றாள். ஐம்பது வருடமாய் என் பருப்பு வேகாததற்கு இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. மாமியார் என்னைத்தான் சொன்னாள்.

மார்கழி 6

பேராசிரியரிடமிருந்து தந்தி. உடனே வா, காகிதங்களோடு. செல்வி அழாத குறை. இரண்டு நாள் நீதான் பார்க்க வேண்டும் என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். கட்டம் போட்டது. காலைச் சூடு, மதியச் சூடு, மாலைச் சூடு, குலுக்கினாயா. அந்த நோட்டு அவளுக்கு. இந்த டைரி எனக்கு. போன வருடத்து டைரி, உரக்கடையில் கொடுத்தது. அச்சடித்த தேதிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

அவள் பஸ் ஏறியதும் யோசித்தேன். மணிக்கொரு தரம் வெந்நீர், இந்த இடுப்போடு. நடக்காது. அப்போது கொல்லையில் கருங்கோழி கொர்ர் என்றது. மூன்று நாளாய் வெறுங்கூடையில் அடை. தண்ணீரில் முக்கியும் பார்த்தாயிற்று, மூக்கில் இறகு செருகியும் பார்த்தாயிற்று, எழவில்லை. வயிற்றடியில் கை விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு.

கூடையில் வைக்கோல். இடிச் சத்தத்தில் அடை கெடாமலிருக்க இரும்பு ஆணி, கரித்துண்டு, மிளகாய் இரண்டு. பன்னிரண்டு குப்பி. கோழி ஏறி உட்கார்ந்தது, அலகால் ஒவ்வொன்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பன்னிரண்டு இரட்டைப்படை. அடைக்கு ஒற்றைப்படைதான். எங்கள் அம்மா ஒரு நாளும் இரட்டையில் வைத்ததில்லை. ஒரு முட்டை வைத்தேன். பதிமூன்று.

மார்கழி 8

செல்வி வந்தாள். அண்டா கவிழ்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள். கோழியைத் தூக்கியதும் ஒரு சத்தம் போட்டாள், தெருவே வந்துவிட்டது. பிறகு தெர்மாமீட்டரைச் செருகினாள். முப்பத்தெட்டு. அரை மணி கழித்து முப்பத்தெட்டு. மாலையும் அதே. நடுவில் ஒரு மடிப்புத் துணி போட்டாள். முப்பத்தேழு. உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இடையிடையே குப்பியைத் திருப்பியும் விடுகிறது, குலுக்கவும் வேண்டாம் என்றேன். மதியம் ரெட்டிபாளையம் பக்கம் கல் உடைக்க வெடி வைக்கிறார்களே, மிச்சக் குலுக்கல் அதில்.

கோழி இரை பொறுக்க இறங்கும் கால் மணிக்கு, சுடுதுணி போட்டு மூடுவது என் வேலை.

முட்டையைக் காட்டி இது எதுக்கு என்று கேட்டாள். கோழியின் மனத் திருப்திக்கு என்றேன். பொய் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல்:

"அவ வூட்டுக் கோழி குப்பிய அடை காக்குதாம். என்னா பொரிக்கும், டாக்டரா?"

ப.-வின் குரல். என் கொழுந்தன் பெண்டாட்டி. பேர் எழுத மாட்டேன். ப. போதும். பத்தொன்பது வருடமாய்ப் பேச்சு இல்லை. என் கடைசி மகள் கல்யாணத்தில், மூன்றாம் பந்தியில், கிழக்கு வரிசையில், அரக்குச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பாயசத்தில் முந்திரியை எண்ணிப் போட்டிருக்கிறார்கள் என்று சம்பந்தி காதுபடச் சொன்னவள்.

மார்கழி 11

வெயில். முதல் இரண்டு குப்பி எடுத்தாள். மிச்சம் பத்து, முட்டையோடு பதினொன்று. ஒற்றைப்படைதான். நிம்மதி.

உலர்த்தி, அரியலூரில் நகைக்கடைத் தராசில் நிறுத்தி வந்தாள். ஆசாரி, இந்த மிளகை எதுக்கும்மா நிறுக்கிறே, அடகு வைக்கவா என்றானாம். வந்து உருண்டையை பிளேடால் இரண்டாக வெட்டினாள். நானும் பார்த்தேன். மேலே ஓடு கெட்டி, வெள்ளை வெளேர். உள்ளே கூழ். வெளியில் உண்டாகிற புளிப்பு தண்ணீரோடு போய்விடுகிறது, உள்ளே உண்டாகிற புளிப்புக்கு வழி இல்லை, அது அங்கேயே தங்கித் தன்னையே அரிக்கிறது போல என்றாள். பொடியாய் இருக்கிற கசகசாவில் அந்தத் தொந்தரவு இல்லையாம். பேராசிரியர் இப்படி ஆகும் என்று சொல்லவில்லையாம். எப்போதோ நடந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் என்று என்னமோ இங்கிலீஷும் தமிழுமாய்ச் சொன்னாள். யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"உருண்டைய சொல்றேன் அப்பத்தா."

அப்படியா. சரி.

மார்கழி 15

மூட்டம். வேலை: கோழிக்குக் கம்பு. எள் புடைத்தது. கோழி சரி. நோட்டில் எல்லாக் கட்டமும் போட்டேன்.

செல்வியிடம் உள்ளே என்ன மருந்து என்று கேட்டேன். காசநோய்க்கு என்றாள். புடைத்த எள்ளையே மறுபடி புடைத்தேன்.

அவள் தாத்தாவுக்கு அதுதான். தினம் ஒரு ஊசி. தொண்ணூறு போட வேண்டும். அரியலூர் ஆறு மைல். கொழுந்தன் சைக்கிளில் பின்னால் வைத்துக் கூட்டிப் போவான், போர்வை போர்த்தி. நாற்பத்தொன்று ஆயிற்று. அந்த நடுவில் கல்யாணம், பாயசம், முந்திரி. சைக்கிள் நின்றது. பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கொஞ்சம் தேறினதும், போதும் விடு என்று அவரே நிறுத்திவிட்டார். அடுத்த ஐப்பசியில் போனார்.

மாதம் ஒரு ஊசி என்றால் மூன்றே தடவை. மூன்று தடவை நான் முதுகில் தூக்கிப் போயிருப்பேன்.

கருங்கோழிக்கு இன்னொரு பிடி கம்பு போட்டேன்.

மார்கழி 18

இரண்டு குப்பி எடுத்தாயிற்று. எட்டு. கூழ் கூடியிருக்கிறது, ஓடு மெலிந்திருக்கிறது. செல்விக்குக் கொண்டாட்டம். அழுகியதைப் பார்த்துச் சந்தோஷப்படும் படிப்பு இது ஒன்றுதான்.

ஸ்டிரைக் முடியவில்லை. பொங்கல் கழித்துத்தான் திறப்பார்களாம்.

அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். ஆறாம் தேதி வைத்த முட்டை. இருபத்தொரு நாள். இருபத்தேழு. குப்பிக்கோ தை 3 வரை சூடு வேண்டும். குஞ்சு பொரித்தால் கோழி கூடையில் இருக்குமா. குஞ்சைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விடும். ஒரு வாரத்தில் ஸ்டிரைக் முடியும் என்று வைத்த முட்டை. எத்தனை அடை வைத்தவள் நான். பித்தம் தலைக்கேறியிருந்தது அன்றைக்கு.

முட்டையை எடுத்துவிடலாம் என்று போனேன். டார்ச் முன்னால் பிடித்துப் பார்த்தேன். நரம்பு ஓடுகிறது. நடுவில் கறுப்பாய் ஒன்று துள்ளிற்று. திரும்ப வைத்துவிட்டேன்.

வேறு அடைக்கோழிக்கு அடியில் மாற்றினால் தீர்ந்தது. தெருவில் கேட்டுப் பார்த்தேன். மேல வீட்டில் எல்லாம் சேவல். கீழ வீட்டில் கோழியைக் கறி வைத்துவிட்டார்கள். அடையில் இருப்பது ஒன்றே ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம்.

கேட்க மாட்டேன்.

மார்கழி 22

எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து மகன் வந்தான். அவனுக்கு அங்கேதான் வேலை. ஒரு மூட்டை சர்க்கரையும் ஒரு ஜாதகமும் கொண்டுவந்தான். கொல்லைக்குப் போய்க் கோழியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"இதுக்காம்மா அவளை படிக்க வச்சேன்?" என்றான் என்னிடம்.

கடைசி ஆறு குப்பியும் சரியாய் வந்தால் பேராசிரியர் மேற்கொண்டு படிக்கக் கடிதம் கொடுப்பாராம். வராவிட்டால் தை மாதமே பெண் பார்க்க வரச்சொல்லிவிடுவேன் என்றான். செல்வி தலையை ஆட்டினாள். பந்தயம் கட்டுகிறவள் மாதிரி. நான் முட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவன் சின்ன வயதில் வெண்ணெய்ச் சட்டியை உடைத்துவிட்டுப் பூனை மேல் போட்டவன், அவனிடமா சொல்வது.

மார்கழி 25

இன்னும் இரண்டு எடுத்தாள். மிச்சம் ஆறு. முட்டையோடு ஏழு.

முட்டையைக் காதில் வைத்தேன். உள்ளிருந்து தட்டுகிறான்.

மார்கழி 27

பனி. காலை பஸ்ஸில் செல்வி அரியலூர் போனாள், பேராசிரியருக்கு டிரங்க் கால் போட. நான் ரேஷன் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். வந்து பார்த்தால் கொல்லையில் கருங்கோழி. பின்னால் ஒரு மஞ்சள் உருண்டை. கூடையில் வெறும் குப்பி. இறங்குகிற வேகத்தில் தெர்மாமீட்டர் உடைந்து வைக்கோலில் பாதரசம் ஓடுகிறது. குப்பியைத் தொட்டேன். சில்.

கோழியைப் பிடித்து உட்கார வைத்தேன். கொத்திற்று. ரத்தம். மறுபடி வைத்தேன். மறுபடி கொத்திற்று. தாயாகிவிட்டது, இனி குப்பி எதற்கு.

வெந்நீர் போடலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படித் தெரியும் முப்பத்தேழு. நாற்பத்தைந்து ஞாபகம் வந்தது. பிறகு முதல் நாள் செல்வி சொன்னது ஞாபகம் வந்தது. மனுச உடம்புச் சூடு. என் உடம்பு மனுச உடம்புதானே.

ஆறு குப்பியையும் துண்டில் முடிந்து வயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். மேலே சேலை, அதற்கு மேலே கம்பளி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன், அடைக்கோழி மாதிரி. பால்காரி வந்தாள், உடம்புக்கு என்ன என்றாள். அடை என்றேன். பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அரை மணி படுத்திருந்தேன். நானே ஆறு நாள் படுக்க முடியாது. எனக்கு வெளிக்குப் போக வேண்டும், குளிக்க வேண்டும், பொங்கலுக்கு வீடு மெழுக வேண்டும். கோழி இரை பொறுக்கக் கால் மணிதான் இறங்கும். அதற்கிருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

எழுந்தேன். நடந்தால் கிணுங் கிணுங் என்றது. தெருவைத் தாண்டவில்லை, அடுத்த வாசல்தான். பத்தொன்பது வருடத்தில் மிதிக்காத வாசல். கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். சகிக்கவில்லை.

ப. முறத்தில் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கை நின்றது.

"உக்காரு அக்கா."

"உக்கார முடியாது. வயித்துல குப்பி."

என் வயிற்றைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திரும்பியிருப்பேன். விஷயத்தைச் சொன்னேன், முட்டையிலிருந்து பாதரசம் வரை. நடுவில் முந்திரியும் வந்துவிட்டது, தானாக. இவ்வளவு வருடம் நாக்கு நுனியில் இருந்தது, எப்படி வராமல் இருக்கும்.

"சொன்னேன்தான்," என்றாள். "எண்ணித்தான் போட்டிருந்தே. என் எலையில ரெண்டு."

எனக்கும் தெரியும். ஆளுக்கு இரண்டு. நான்தான் எண்ணினேன்.

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"சைக்கிளு மறுநாளும் உன் வாசல்ல வந்து நின்னுச்சு அக்கா. அவரு மணியடிச்சாரு. நீதான் உள்ளேருந்து வேணாம்னே."

ஆமாம். மூன்று தடவை அடித்தான். என் வீட்டுக்காரர் போர்வையைக் கூடப் போர்த்திக்கொண்டுவிட்டார். கதவைச் சாத்தியது நான். இந்த டைரியிலும் அதை எழுதவில்லை, பதினைந்தாம் தேதி. சைக்கிள் நின்றது என்று எழுதினேன்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். குப்பி சூடாக இருந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கொல்லைப்பக்கம் நடந்தாள், நானும் பின்னால், கிணுங் கிணுங் என்று. செவலைக்கோழி. பத்து நாள் அடை. இடம் மாற்றினால் எழுந்துவிடும், கூடையை என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குப்பிதான் இங்கே வர வேண்டும்.

"என்னோடது ஒம்போது முட்டை," என்றாள். "உன்னோடது ஆறா?"

"ஆறு."

விரல் விட்டாள். பதினைந்து. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். ஒற்றைப்படை.

மாலை செல்வி வந்தாள். உடைந்ததைப் பார்த்துவிட்டு வேறு தெர்மாமீட்டர் பள்ளிக்கூட சயின்ஸ் டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட்டேன். மதியக் கட்டத்தில் முதலில் சூடு சரி என்று போட்டேன். கை பழக்கம். பிறகு அடித்துவிட்டு எழுதினேன்: ஒரு மணி நேரம் சூடு இல்லை. அரை மணி என் வயிற்றில். முட்டை வைத்தது நான்.

படித்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"எழுதினா அந்த ஒரு மணி நேரத்தையும் சேத்துப் பாத்துக்கலாம் அப்பத்தா. எழுதாம வுட்டாதான் எல்லாம் கெடும்."

அப்புறம் வயிற்றுச் சூடு எத்தனை என்று என் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். முப்பத்தாறரை. அரை குறைகிறது. வயசாகிவிட்டது.

தை 3 வரை தினம் மூன்று வேளை அந்த வீட்டுக்குப் போய்ச் சூடு பார்க்க வேண்டும். நோட்டு என்னிடம்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் தடவை. காபி அங்கேயே குடிக்க வேண்டும் என்று பட்டம்மா சொல்லியிருக்கிறாள். என் டம்ளரில் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறாள் என்று எண்ணுவேன்.